கன்சைன்மென்ட் கடையில் கொடுப்பதும் வாங்குவதும்: முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் ஒரு பொருள் நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் இனி தேவையில்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை, படம் எடுத்து ஆன்லைனில் போட்டுவிட்டு "கடைசி விலை என்ன" என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமையும் இல்லை. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் கன்சைன்மென்ட் கடை. பொருளை அங்கே ஒப்படைக்கிறீர்கள், கடைக்காரர் விலை போட்டு அலமாரியில் வைக்கிறார், விற்றதும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களிடம் தருகிறார். விற்கவில்லை என்றால் பணம் கிடையாது, பொருள் உங்களிடம் திரும்ப வர வேண்டும்.

"வர வேண்டும்" என்று சொன்னேன், "வரும்" என்று சொல்லவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அடகுக்கடையில் பொருளை வைத்துக் கடன் வாங்குகிறோம். பழைய பொருள் வாங்கும் கடைக்காரர் அங்கேயே விலை பேசிக் காசைக் கொடுத்துவிடுவார், அந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய பொருள். நன்கொடைக் கடையில் சும்மா கொடுத்துவிட்டு வருகிறோம். கன்சைன்மென்டில் மட்டும் விற்கும் வரைக்கும் பொருள் உங்களுடையதாகவே இருக்கிறது, ஆனால் உங்கள் கையில் இருப்பதில்லை. கடைக்காரர் உங்கள் சார்பில் விற்றுக் கொடுப்பவர், அவ்வளவுதான். அவர் அந்தப் பொருளுக்கு முதல் எதுவும் போடவில்லை. விற்காமல் போனால் அவருக்கு வீணாவது அலமாரியில் கொஞ்சம் இடம். கறை பட்டாலோ, காணாமல் போனாலோ, விலை இறங்கினாலோ அது முதலில் உங்கள் பணத்தைத்தான் தொடும். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டால் கீழே சொல்லப்போகும் எல்லாமே ஏன் என்று தானாகப் புரியும்.

எனக்கு இது புரிந்தது ஒரு கம்பளிக் கோட்டை இழந்த பிறகுதான். நல்ல கோட், இரண்டு முறைதான் போட்டிருப்பேன். ஒரு கடையில் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பொருளைக் கடையில் வைத்திருக்கும் கெடு 90 நாள். நான் போனது 97-ஆவது நாள். கெடு முடிந்து 5 நாளுக்குள் எடுத்துக்கொள்ளாத பொருள் கடைக்குச் சொந்தம் என்று அந்தத் தாளில் சின்ன எழுத்தில் இருந்தது, கோட் ஏற்கெனவே நன்கொடைக்குப் போய்விட்டது. கடைக்காரர் மேல் சட்டப்படி குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு தடவை போன் செய்திருக்கலாமே என்ற வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது. அதனால் முதல் வேலையாகச் சொல்கிறேன்: ஒப்படைத்த அன்றே, கடை வாசலில் நின்றபடியே, கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பாகப் போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். கடை கூப்பிடும் என்று நம்பி இருக்காதீர்கள், நூற்றுக்கணக்கான பேருடைய பொருள் அங்கே கிடக்கிறது.

கணக்கு எப்படி வேலை செய்கிறது

விலைச்சீட்டில் 100 என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துணிமணிக்குப் பாதிக்குப் பாதி என்பது பரவலான பங்கு. 40-லிருந்து 60 சதவீதம் வரை உங்களுக்குத் தரும் கடைகள்தான் அதிகம். பெரிய பிராண்ட் கைப்பை, கைக்கடிகாரம் மாதிரி விலை கூடிய பொருள் என்றால் உங்கள் பங்கு 70, 80 சதவீதம் வரைகூடப் போகலாம். கிதார், வயலின் போன்ற இசைக்கருவிகளுக்குக் கடை 20, 25 சதவீதம் எடுத்துக்கொள்வது சகஜம். பொருளின் விலை கூடக்கூடக் கடையின் சதவீதம் குறையும். 100-க்கு விற்கும் சட்டைக்கும் 10,000-க்கு விற்கும் பைக்கும் கடைக்காரர் படும் பாடு ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இது நியாயமும்கூட.

சரி, சட்டையில் பாதிக்குப் பாதி என்றால் உங்களுக்கு 50 வரும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் வராது. பல கடைகளில் 30 நாள் ஆனதும் விலை 20 சதவீதம் இறங்கும், 60 நாள் ஆனதும் பாதியாகும், 90-ஆவது நாளில் கெடு முடியும். அப்படிப் பார்த்தால் முதல் மாதம் விற்றால் உங்களுக்கு 50, இரண்டாம் மாதம் 40, மூன்றாம் மாதம் வெறும் 25. இதற்கு மேல் சில கடைகள் பொருளைச் சேர்த்துக்கொள்ள ஒரு கட்டணம், சுத்தம் செய்ததற்கு ஒரு கட்டணம், வாங்கியவர் அட்டையில் பணம் செலுத்தினால் அதற்கான கழிவு என்று பிடிப்பதும் உண்டு. கமிஷன் சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் கழிவுகளைக் கேட்காமல் வருவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. "எல்லாம் போக என் கையில் என்ன வரும், 20-ஆவது நாளில் விற்றால் எவ்வளவு, 70-ஆவது நாளில் விற்றால் எவ்வளவு" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் உடனே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்.

உடனே காசு கொடுத்து வாங்கும் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். அங்கே, தாங்கள் விற்க நினைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு போலத் தருவார்கள், பணத்துக்குப் பதிலாக அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். குறைவுதான், ஆனால் இன்றைக்கே கையில் வருகிறது, அப்புறம் எதைப் பற்றியும் நினைக்க வேண்டியதில்லை. நீங்களே ஆன்லைனில் விற்றால் பெரும்பகுதி உங்களுக்கே வரும். படம், விவரம், பொட்டலம், அனுப்பும் செலவு, ஏமாற்றுக்காரர்கள் எல்லாமும் உங்கள் பொறுப்பில் வரும்.

என் அனுபவத்தில் கன்சைன்மென்டுக்குப் பொருத்தமானவை இரண்டு வகை. ஒன்று, வாங்குபவர் தொட்டுப் பார்க்காமல் வாங்கத் தயங்கும் பொருள்: சோபா, மேசை, கிதார், நல்ல தையலில் உள்ள கோட். இன்னொன்று, "இது உண்மையானதுதானா" என்ற கேள்வி எழும் பொருள்: விலை உயர்ந்த கைப்பை, கடிகாரம், நகை. இந்த இரண்டிலும் முன்பின் தெரியாத ஆளைவிடக் கடையின் பெயருக்கு மதிப்பு அதிகம், அந்த நம்பிக்கைக்குத்தான் கமிஷன் கொடுக்கிறீர்கள். சாதாரண டி-ஷர்ட், சமையலறைச் சாமான், பழைய புத்தகம் இவற்றைக் கன்சைன்மென்டுக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. போக்குவரத்துச் செலவே நீங்கள் வாங்கும் பங்கைத் தின்றுவிடும்.

கொண்டுபோவதற்கு முன்

கடைக்குப் போன் செய்யாமல் மூட்டையோடு போய் நிற்காதீர்கள். பல கடைகள் குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்தவர்களிடம் மட்டும்தான் வாங்கும், இத்தனை பொருளுக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காது. இன்னும் முக்கியம் பருவம். குளிர்காலத் துணியைக் குளிர் முடியும்போது கொண்டுபோனால் வாங்க ஆள் இருக்காது. கடைகள் ஒன்றிரண்டு மாதம் முன்னாலேயே அடுத்த பருவத்துக்கான சரக்கைச் சேர்க்க ஆரம்பிக்கும். என் கோட்டில் நான் செய்த முதல் தவறே அதுதான், குளிர் போகிற நேரத்தில் கொடுத்தேன், 90 நாளும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, விட்டுப்போன பொத்தானைத் தைத்துக் கொண்டுபோங்கள். அந்துருண்டை வாசனை, சிகரெட் வாசனை இருந்தால் பெரும்பாலான கடைகள் தொடக்கூட மாட்டார்கள், வாசனை திரவியம் அடித்து மறைக்கப் பார்த்தால் இன்னும் மோசம். இரண்டு மூன்று நாள் காற்றாட, நிழலில் தொங்கவிடுவதுதான் வழி. அசல் பெட்டி, வாங்கிய ரசீது, உத்தரவாத அட்டை, தூசி படாமல் இருக்கக் கூடவே வந்த துணிப் பை எது இருந்தாலும் எடுத்து வையுங்கள், விலை கூடிய பொருளுக்கு இவை விலையையே மாற்றும்.

அப்புறம் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், ஏற்கெனவே உள்ள கீறல், வரிசை எண், எல்லாமே. இது விளம்பரத்துக்காக எடுக்கும் படம் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பொருள் திரும்பி வரும்போது புதிதாக ஒரு கிழிசல் இருந்தால் "இது முன்பே இருந்தது" என்று யாராவது சொல்லும்போது உங்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரியாக எழுதிய பட்டியல், அதில் நிலைமை பற்றி ஒரு வார்த்தை, தொடக்க விலை, இரண்டு பேர் கையெழுத்து, ஆளுக்கு ஒரு பிரதி. "துணி, 12 உருப்படி" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டில் எது விற்றது, எது காணோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்

ஒப்பந்தம் என்றாலே பெரிய விஷயம் போல இருக்கும், பெரும்பாலும் ஒரே பக்கம்தான். அங்கேயே நின்று படியுங்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது, ஒப்படைத்த நாளா அல்லது அலமாரிக்கு வந்த நாளா? இதில் இரண்டு வார வித்தியாசம்கூட வரும். விலையை யார் போடுகிறார்கள், எவ்வளவுக்குக் கீழே இறக்கக்கூடாது என்று நீங்கள் சொல்ல முடியுமா? உங்கள் பங்கு விலைச்சீட்டில் உள்ள தொகைக்கா, உண்மையில் விற்ற தொகைக்கா? பணம் எப்போது தருவார்கள்? மாதம் ஒருமுறையா, நீங்கள் கேட்டால்தானா, குறைந்தபட்சம் இவ்வளவு சேர்ந்தால்தானா? வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டால் உங்களுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பார்களா? கெடுவுக்கு முன்பே எடுத்துக்கொள்ள நினைத்தால் அபராதம் உண்டா?

கடைசியாக, யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி: திருட்டு, தீ, தண்ணீர் இவற்றால் சேதமானால் யார் பொறுப்பு? பெரும்பாலான கடைகளின் தாளில் "கடை பொறுப்பல்ல" என்றுதான் இருக்கும். சாதாரணச் சட்டைக்கு அது பெரிய விஷயம் இல்லை. நகை, ஓவியம், பழைய வயலின் என்றால் எழுத்தில் ஒரு மதிப்பும், அந்த மதிப்புக்குக் காப்பீடு கடையுடையதா உங்களுடையதா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு பயம் கடையே மூழ்கிப் போவது. பணக் கஷ்டத்தில் உள்ள கடை, விற்ற பொருளுக்கான உங்கள் பங்கை எடுத்து வாடகை கட்டும். அடுத்த மாதம் இன்னொருவருடைய பங்கு மின்சாரக் கட்டணத்துக்குப் போகும். பெரிய அளவில் இது எப்படி முடியும் என்பதற்கு நியூயார்க்கின் சாலண்டர் ஓ'ரைலி கேலரி ஒரு சாட்சி: ஓவியர்களின் குடும்பங்களும் சேகரிப்பாளர்களும் விற்றுத் தரச் சொல்லி ஒப்படைத்த ஓவியங்களை விற்றுவிட்டு உரியவர்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்து, 2007-இல் கேலரி மூடப்பட்டது, உரிமையாளர் லாரன்ஸ் சாலண்டர் 2010-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஓவியங்களைக் கொடுத்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 2012-இல் நியூயார்க் மாநிலம், கலைஞர்கள் ஒப்படைக்கும் படைப்புகளுக்கும் அவற்றை விற்ற பணத்துக்குமான பாதுகாப்பைச் சட்டத்தில் இறுக்கியது.

சட்டத்தில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடை உங்கள் பொருளை முறையாக விற்றுவிட்டு உங்களுக்குப் பணம் தரவில்லை என்றால், நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவரிடம் போய்ப் பொருளைக் கேட்க முடியாது. இங்கிலாந்தில் 1889-ஆம் ஆண்டின் வணிக முகவர் சட்டமே வாங்கியவர் பக்கம் நிற்கிறது, பல நாடுகளின் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. நீங்கள் துரத்த வேண்டியது கடையை. அமெரிக்காவில், தொழில் முறையில் சரக்கை ஒப்படைப்பவர் தன் உரிமையைப் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து வைக்காவிட்டால், கடைக்குக் கடன் கொடுத்த வங்கி அந்தச் சரக்கில் அவரை முந்திக்கொள்ளலாம். வீட்டுப் பொருள் ஒன்றிரண்டு கொடுப்பவருக்கு அந்தப் பதிவெல்லாம் தேவைப்படாது, தொடர்ந்து கடைக்குச் சரக்கு கொடுக்கும் கைவினைஞர்களும் வியாபாரிகளும் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாதாரணமாக நம்மால் செய்ய முடிந்தது, அறிகுறிகளைக் கவனிப்பது. "அடுத்த வாரம் வாங்க" என்று இரண்டு முறை சொன்னால், காசோலை திரும்பினால், போனை எடுக்காமல் போனால், கடையில் திடீரென்று எல்லாவற்றுக்கும் பாதி விலை என்று பலகை தொங்கினால், மரியாதை பார்க்காமல் அன்றைக்கே போய் விற்காத பொருளை எடுத்து வந்துவிடுங்கள். விலை கூடிய பத்து பொருள் இருந்தால் பத்தையும் ஒரே நாளில் ஒரே கடையில் கொடுக்காதீர்கள். இரண்டைக் கொடுத்து, பணம் சொன்ன தேதிக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம்.

விலை விஷயத்தில் மனதுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த விலையோ, அந்தப் பொருளோடு உங்களுக்கு இருக்கும் நினைவோ வாங்குபவருக்குத் தெரியாது. அம்மா பயன்படுத்திய மேசையைக் கடைக்காரர் "இந்த அளவு மேசையை இப்போது யாரும் வாங்குவதில்லை" என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும்போது வலிக்கத்தான் செய்யும். அந்த மாதிரிப் பொருளை விற்க வேண்டுமா, வீட்டிலேயே யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கடைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆன்லைன் கன்சைன்மென்ட்

2009-இல் தொடங்கிய திரெட்அப், 2011-இல் தொடங்கிய த ரியல்ரியல் போன்ற நிறுவனங்கள் இதையே இணையத்துக்குக் கொண்டுபோயின. பெட்டியில் போட்டு அனுப்பினால் படம், விலை, விற்பனை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வாங்குபவர் கூட்டம் ஒரு தெருக்கடைக்கு வருவதைவிடப் பல மடங்கு, அதுதான் லாபம். விலை உங்கள் கையில் இல்லை, மலிவான துணிக்குப் பங்கு மிகவும் சொற்பம், ஏற்றுக்கொள்ளாத பொருளைத் திரும்ப வரவழைக்க நீங்கள் காசு கட்ட வேண்டியிருக்கலாம். விதிகளையும் கட்டணங்களையும் அடிக்கடி மாற்றுவார்கள், அனுப்பும் அன்று உள்ள விதியைப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது

இப்போது கல்லாவுக்கு மறுபக்கம் வருவோம். வாங்குபவருக்குக் கன்சைன்மென்ட் கடை உண்மையிலேயே நல்ல இடம், நான் துணியில் பெரும்பகுதியை அங்கேதான் வாங்குகிறேன். நன்கொடைக் கடையில் மலையைக் கிளற வேண்டும், இங்கே கடைக்காரர் ஏற்கெனவே கிளறி, நல்லதை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். புதிதாக வாங்கும் மலிவுச் சட்டையின் விலைக்கு நல்ல தையல், நல்ல துணி கிடைக்கும்.

மேலே சொன்ன விலை இறங்கும் கணக்கு இங்கே உங்களுக்குச் சாதகம். பல கடைகள் பொருள் வந்த தேதியை விலைச்சீட்டிலேயே எழுதியிருக்கும், அல்லது சீட்டின் நிறத்தில் மாதத்தைக் குறித்திருக்கும். அந்த முறை எப்படி என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், ரகசியம் ஒன்றும் இல்லை. 26-ஆவது நாளில் இருக்கும் கோட்டை நான்கு நாள் பொறுத்து வாங்கினால் 20 சதவீதம் மிச்சம். ஆனால் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அந்த நான்கு நாளில் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போகலாம். என் வழக்கம்: அளவு சரியாகப் பொருந்தி, பல நாளாகத் தேடிய பொருள் என்றால் காத்திருப்பதில்லை, வாங்கினால் நல்லது என்ற அளவில் இருப்பதை மட்டும்தான் விட்டுப் பிடிப்பேன். பேரம் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம், ஆனால் பொருள் கடைக்காரருடையது இல்லை என்பதால் அவரால் தானாக நிறையக் குறைக்க முடியாது, உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். மேசை, சோபா மாதிரிப் பெரிய பொருளுக்கு "ஒரு விலை சொல்கிறேன், கேட்டுச் சொல்லுங்கள்" என்று போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால் பல தடவை ஒத்துக்கொள்வார்கள்.

பெரிய குறை, திருப்பிக் கொடுக்க முடியாது. பொருளின் உரிமையாளருக்குக் கடை பணம் கொடுத்த பிறகு அதைத் திரும்ப வாங்குவது கஷ்டம், அதனால் விற்றது விற்றதுதான் என்று பலகை வைத்திருப்பார்கள். ஆகவே எல்லாச் சோதனையும் காசு கொடுப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடியுங்கள், பூச்சி அரித்த ஓட்டை அப்போதுதான் தெரியும். அக்குள், காலர் உள்பக்கம், தொடை சேரும் இடம், ஜிப்பின் கடைசிப் பல் வரை பாருங்கள். சீட்டில் உள்ள அளவு எண்ணை நம்ப வேண்டாம், பிராண்டுக்குப் பிராண்ட், காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது. வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை அளந்து, தோள், மார்பு, கை நீளம் மூன்றையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு கையில் அளவு நாடாவோடு போங்கள்.

காலணியில் ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. போடாமலே பெட்டியில் வைத்த காலணிதானே, புதுசு மாதிரி என்று வாங்குவார்கள். அடிப்பாகம் பாலியூரித்தேன் என்றால் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து, போட்டாலும் போடாவிட்டாலும் சில ஆண்டுகளில் சிதைய ஆரம்பிக்கும், முதல் நாள் நடையிலேயே பொடியாக உதிர்ந்துபோகும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் வைத்துவிடுங்கள். செயற்கைத் தோல் பையும் இதே காரணத்தால்தான் தோல் உரிகிற மாதிரி உரிகிறது, மடிப்புகளில் பாருங்கள்.

மரச்சாமான் என்றால் ஒவ்வொரு இழுப்பறையையும் முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், நான்கு மூலையிலும் கை வைத்து ஆட்டுங்கள், கீழே மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சோபாவின் தையல் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். துணியோடு அது வீட்டுக்கு வராமல் இருக்க, வாங்கியதை அலமாரியில் வைப்பதற்கு முன்பே, துணி தாங்கும் என்றால், 60 டிகிரி சூட்டில் துவைத்துவிடுங்கள், முட்டையும் சேர்த்துச் செத்துவிடும்.

குழந்தைப் பொருளில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பக்கத் தடுப்பு கீழே இறங்கும் தொட்டில்களை அமெரிக்கா 2011 ஜூனிலிருந்து தடை செய்தது, பழைய பொருள் கடைகளும் அதை விற்கக்கூடாது. குழந்தை நடைவண்டியைக் கனடா 2004-லேயே பழையது புதியது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை செய்துவிட்டது. ஆனாலும் வீட்டு மாடியில் தூங்கிய இந்தப் பொருட்கள் யாராவது ஒருவர் மூலம் அலமாரிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். மாடல் எண்ணை வைத்துத் திரும்பப் பெறப்பட்ட பொருளா என்று அங்கேயே தேடிப் பாருங்கள். காரில் வைக்கும் குழந்தை இருக்கை, தலைக்கவசம் இரண்டையும் பழையதாக வாங்கவே வேண்டாம். ஒரு விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

பெரிய பிராண்ட் பொருள் என்றால் அட்டை, ரசீது, பெட்டி எல்லாவற்றையும் போலியாகச் செய்துவிடுகிறார்கள், அவற்றை மட்டும் வைத்து நம்பாதீர்கள். லூயி வுய்ட்டான் 2021-இலிருந்து பைகளில் தேதிக் குறியீட்டை அச்சடிப்பதை விட்டு உள்ளே சில்லு வைக்க ஆரம்பித்தது, அதனால் "குறியீடு இல்லை, ஆகவே போலி" என்ற பழைய சோதனை புதிய பைகளுக்குப் பொருந்தாது. பெரிய நிறுவனம் சரிபார்த்தது என்பதும் முழுப் பாதுகாப்பு கிடையாது. போலிப் பைகளை விற்றதாகச் சொல்லி ஷனெல் நிறுவனம் 2018-இல் த ரியல்ரியல் மேல் வழக்கே போட்டது. கடையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பின்னால் போலி என்று தெரிந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவீர்களா, எத்தனை நாளுக்குள், அதை ரசீதில் எழுதித் தர முடியுமா? எழுதித் தர மறுத்தால் எனக்கு அதுவே பதில். இன்னொரு நல்ல அடையாளம், பொருள் கொடுக்க வருபவர்களிடம் அந்தக் கடை அடையாள அட்டை கேட்கிறதா என்பது. கேட்கும் கடையில் திருட்டுப் பொருள் சேர்வது குறையும்.

மீண்டும் கொடுப்பவர் பக்கம் ஒரு கடைசி வேலை பாக்கி இருக்கிறது. விற்காததைத் திரும்ப எடுக்கும் நாளில் உங்கள் பிரதிப் பட்டியலையும் போனில் உள்ள படங்களையும் கையில் வைத்துக்கொண்டு கல்லாவிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். விற்றதற்கு எதிரே விற்ற தேதியும் தொகையும், திரும்பியதற்கு எதிரே ஒரு கோடும் போடச் சொல்லுங்கள். பாக்கிப் பணம் இருந்தால் அது வரும் தேதியை அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தேதிக்கும் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.